மொல்சைம் வீட்டுச் சூடு

ரூ காய் தெருவில் மொல்சைம் வீட்டுக் கூரையில் 1945ஆம் ஆண்டுக்குப் பிறகு பனி தங்கியதில்லை. பாரிஸ் முழுவதும் வெள்ளையாகக் கிடக்கிற நாள்களிலும் அந்த ஒரு கூரை மட்டும் கறுப்பாக, ஈரமாக, ஆவி விட்டபடி நிற்கும். வீட்டில் இருந்த கொதிகலனை எப்போதோ கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். குடியிருப்பவர்கள் யாரும் குளிர்காலச் செலவென்று எதுவும் கட்டுவதில்லை. கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கும் நாகேஸ்வரி ஜனவரியிலும் தோசை மாவைக் குளிர்பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் காலையில் அரைத்தது மத்தியானத்துக்குள் பொங்கி வழிந்துவிடும். மோர்மிளகாயை மாடிப்படிகளில் காயப் போடுகிறார்கள். நகரசபைப் பொறியாளர்கள் கருவிகளோடு வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள், நிலவறைக்குள் இறங்கிப் பார்த்தார்கள், கடைசியில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'பேக்கரி' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்தக் கட்டடத்தில் ஒருநாளும் பேக்கரி இருந்ததில்லை. காரணம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. அவள் பெயர் சுசான் மொல்சைம், எண்பத்தொன்பது வயது, ஓய்வுபெற்ற பல் மருத்துவர். கோபமாக இருக்கிறாள்.

அந்தச் சூடு குடும்பச் சொத்து. முதலில் அது வெளிப்பட்டது எலி மொல்சைமிடம். அல்சாஸ் நாட்டுப்புறத்திலிருந்து ரிப்பன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே பாரிஸ் வந்தவன் அவன். வழியில் ஒரு சத்திரத்தில் சாப்பாடு கேட்டபோது, யூதனுக்கு உள்ளே இடமில்லை, முற்றத்தில் நின்று சாப்பிடு என்றார்கள். எலி உள்ளங்கையை மேசைமேல் வைத்தான். எடுத்தபோது ஓக் பலகையில் ஐந்து விரலும் கரியாகப் பதிந்திருந்தன. அதைக் கேள்விப்பட்ட அவன் மனைவி மறுநாளே கடைக்குப் போய் அவனுக்குக் கையுறை வாங்கி வந்தாள். கோபத்தைக் காட்டினால் இந்த நாட்டில் நம்மை வைத்திருக்க மாட்டார்கள் என்றாள். அதற்குப் பிறகு நான்கு தலைமுறைக்கு மொல்சைம் வீட்டில் ஆணும் பெண்ணும் கையுறையோடுதான் நடமாடினார்கள். வைனுக்குச் செலவழித்ததைவிடக் கையுறைக்கு அதிகம் செலவழித்த ஒரே வங்கிக் குடும்பம் பாரிஸில் அதுதான்.

வடக்கு ரயில்பாதை போட்ட காலம் அது. பெரிய வங்கிகள் ரயில் கம்பெனிக்குக் கடன் கொடுத்தன. எலியோ அந்த ரயிலில் வந்திறங்கிய நிலக்கரியை முதுகில் சுமந்து வீடு வீடாக விற்றவர்களுக்குக் கொடுத்தான். அவர்கள் கடை போட்டார்கள், அவன் வங்கி போட்டான். மகன் காலத்தில் லில்லிலும் ஆன்ட்வெர்ப்பிலும் கிளைகள் திறந்தன. மற்ற வங்கிக்காரர்கள் மேற்கே பூங்காக்களைப் பார்த்து மாளிகை கட்டிக்கொண்டு போனபோதும் மொல்சைம்கள் கார் து நோர் ரயில் நிலையத்தின் புகைக்குப் பக்கத்தில், தங்கள் வங்கிக்கு மேல்மாடியிலேயே இருந்தார்கள். பேரன் ஒரு மருத்துவமனைக்குப் பிரசவக் கட்டடம் கொடுத்தான். அரசாங்க அருங்காட்சியகத்துக்கு ஓவியங்கள் கொடுத்தான். ராணுவத்தில் இருந்த ஒரு யூத அதிகாரியைப் பொய்யாகத் தேசத்துரோகி ஆக்கிய வருடங்களில், ஜன்னலுக்குக் கீழே கூட்டம் கூடி யூதர்களுக்குச் சாவு என்று கத்தியது. அன்று வீட்டில் விருந்து. பேரன் கையிலிருந்த வெள்ளிக் கரண்டி கையுறைக்குள் உருகித் தட்டில் சொட்டியது. அவன் பக்கத்தில் இருந்த அம்மாளிடம், இந்த வருடம் ஓபரா எப்படி என்று விசாரித்தான். பிறகு முதல் உலகப் போர் வந்தது. அவனுடைய இரண்டு மகன்கள் பிரான்சுக்காகச் செத்தார்கள். மூன்றாமவன் அர்மான் ஒரு பதக்கத்தோடும் ஒற்றை நுரையீரலோடும் திரும்பி வந்து வங்கியை ஏற்றுக்கொண்டான். அர்மானின் ஒரே மகள்தான் சுசான்.

ஜெர்மன்காரர்கள் பாரிஸுக்குள் வந்த வருடம், யூதர்கள் எல்லோரும் போலீஸில் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். அறிவித்தது பிரெஞ்சு அரசாங்கமும்தான். அர்மான் பதக்கத்தைக் குத்திக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, வரிசையில் நின்று பதிந்துவிட்டு வந்தான். அடுத்த மாதம், யூதர்களின் சொத்து என்பதால் வங்கிக்குத் தற்காலிக நிர்வாகி ஒருவர் வருவார் என்று சொன்னார்கள். வந்தவன் பிலிப். வங்கியின் தலைமைக் கணக்கன். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவன். அவன் அர்மானின் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டகச் சாவியைக் கேட்டான். அர்மான் எடுத்துக் கொடுத்தான். கொடுத்ததோடு நிற்கவில்லை, "பிலிப், பூட்டுக் கொஞ்சம் இறுகும், இடப்பக்கம் தூக்கித் திருப்பினால் சிரமம் இருக்காது" என்று சொல்லியும் கொடுத்தான். மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சுசானுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. பிலிப்பை அவள் மன்னிக்காதது பெரிய விஷயமல்ல. அப்பாவின் குரலில் இருந்த அந்த மரியாதையை மன்னிக்க முடியாததுதான் அவளை எண்பது வருடமாக எரிக்கிறது.

அடுத்த டிசம்பரில் அர்மானைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கையுறை மாட்டிக்கொள்ளும்வரை போலீஸ்காரர்களைக் காத்திருக்கச் சொன்னான், காத்திருந்தார்கள். அவன் கிழக்கே கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். வங்கியைப் பிலிப் ஒரு பெரிய வங்கிக்கு விற்றுக் கையெழுத்துப் போட்டான். சுசானின் அம்மா மகளை லா கூர்னெவ்வில் ஒரு சலவைக்காரியிடம் ஒளித்துவைத்தாள். சலவைக்காரி நல்லவள், அதிகம் கேட்காதவள். பிள்ளை கை வைத்த இடத்தில் படுக்கை விரிப்புகள் சுருக்கம் நீங்கி விறைப்பதைக் கண்டு, அந்த வருடங்களில் கரி அடுப்பு மூட்டாமலே இஸ்திரி வேலையை முடித்தாள். 1943இல் அம்மாவையும் பிடித்துத் திரான்சி முகாமில் அடைத்தார்கள். திரான்சி அந்தச் சலவைக் கடையிலிருந்து நடந்து போகிற தூரம். அம்மா அங்கே இருக்கிறாள் என்று சுசானுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னபோது அம்மா இல்லை.

போர் முடிந்ததும் அப்பாவின் பழைய வழக்கறிஞர் அவளைத் தேடிப்பிடித்து, புதுக் கையுறை மாட்டி, நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனார். வங்கியைத் திருப்பித் தர முடியாது, வாங்கியவர்கள் நல்லெண்ணத்தோடு வாங்கியவர்கள் என்றார் நீதிபதி. வங்கியை விற்றுக் கொடுத்த வேலைக்காகப் பிலிப்புக்குச் சேர வேண்டிய சம்பளத்தை மொல்சைம் குடும்பத்துக் கணக்கிலேயே பிடித்திருந்தார்கள். அதுவும் சட்டப்படி சரி என்றார். வீடு மட்டும் கிடைத்தது. அவள் கதவைத் திறந்தபோது, அதுவரை அங்கே குடியிருந்த பிலிப்பின் மனைவி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மொல்சைம் வீட்டுச் சூப்புக் கிண்ணங்கள் அவள் கையில் இருந்தன. "வா கண்ணு, வளர்ந்துவிட்டாயே" என்றாள். சுசான் கையுறைகளைக் கழற்றிக் கணப்பில் போட்டாள். பிறகு வெறும் கையைச் சுவரில் வைத்தாள். அந்தக் குளிர்காலம் கூரையில் பனி தங்கவில்லை.

வழக்கறிஞரின் பொறுப்பில் வளர்ந்து, அவள் பல் மருத்துவம் படித்து அதே வீட்டில் தொழில் தொடங்கினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நோயாளிகள்மேல் ஒருநாளும் எரிந்து விழுந்ததில்லை. எல்லாம் போய்ச் சுவரில் ஏறியது. அவள் கையின் சூடு பட்டால் தாடை இளகிவிடும் என்று பேர் எடுத்தாள். ஒருநாள் பிலிப் வந்தான். கிழவனாகி, வியாபாரத்துக்குச் சேவை செய்ததற்கு அரசாங்கம் கொடுத்த பதக்கத்தைக் கோட்டில் குத்தியிருந்தான். அவளை அவனுக்குத் தெரிந்திருந்தது; நல்ல மருத்துவர் என்று கேள்விப்பட்டதால் வந்தான். சுசான் முறைப்படி ஊசி போட்டு, முறைப்படி பல்லைப் பிடுங்கி, எல்லோரிடமும் வாங்குவதையே வாங்கினாள். "வலித்தால் கையைத் தூக்குங்கள், மெஸ்யே" என்று அவனிடம் சொல்லிய நிமிடத்தில், தன் வாயிலிருந்து அப்பாவின் குரல் வந்ததைக் கேட்டாள். அந்த வாரம் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் வெடித்தன. அதற்குப் பிறகு பிடிக்காதவனிடம் அவள் மரியாதையாகப் பேசியதே இல்லை.

எண்பதுகளில் வீட்டைச் சுற்றியிருந்த லா ஷப்பேல் வட்டாரத்துக்கு யாழ்ப்பாணத்துப் பெடியங்கள் அகதிகளாக வந்தார்கள். விசா இல்லாதவனுக்கும் பல்லு வலிக்கும் என்று கண்டுபிடித்த ஒரே மருத்துவர் சுசான். அவர்கள் வாயைப் பார்த்துப் பார்த்தே தமிழ் படித்தாள். வாயைத் திற, கடியாதை, துப்பு. பிறகு ஆம் என்பதற்கு ஓம் வந்தது, பிறகு வசைகளும் வந்தன. 1986இல் ஒரு காலையில் மகேந்திரராசா என்ற பெடியன் தன் இளம் மனைவி நாகேஸ்வரியைக் கூட்டிவந்தான். நாகேஸ்வரியின் கடவாய்ப்பல் அழுகி, முகம் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று சுசான் பிரெஞ்சில் கேட்டாள்.

"எங்கை இருக்கிறம் எண்டு கேக்கிறா" என்றான் மகேந்திரராசா மனைவியிடம், கடமைக்கு. பிறகு தானே பதில் சொன்னான். "திரான்சியிலை, டொக்ரர். லா முயெத் எண்டு பெரிய மாடி வீடுகள் இருக்கு. அதிலை ஒரு அறை. மலிவு."

லா முயெத்தான் அந்த முகாம். போருக்குப் பிறகு அதே கட்டடத்தைப் பூசிப் பெயின்ட் அடித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சுசான் கையிலிருந்த சிறு கண்ணாடியை வைத்துவிட்டாள். முதுகுப்பக்கச் சுவரில் பெயின்ட் கொப்பளித்து உரிந்து விழுந்தது. நாகேஸ்வரி பயந்து எழும்பப் பார்த்தாள். சுசான் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்து, பல்லைப் பிடுங்கி முடித்த பிறகு, அந்த வீட்டுக்கு இனிப் போக வேண்டாம் என்றாள். இரண்டாம் மாடி காலியாக இருந்தது. கீழே வங்கியின் பழைய கூடமும் காலியாகத்தான் இருந்தது. நாகேஸ்வரி அந்தக் கூடத்தில்தான் பிறகு கடை போட்டாள். பணம் வாங்கிய பித்தளைக் கம்பிக் கூண்டுக்குள் இப்போதும் வெங்காய மூட்டை இருக்கிறது. அவளுடைய மகள் தயாளினி அந்த வீட்டில்தான் பிறந்தாள். குளிர்காலங்களில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு பாடம் படித்து வளர்ந்தாள். படித்து முடித்து வேலைக்குப் போனது அந்தப் பெரிய வங்கியில், விளம்பரப் பிரிவில். மொல்சைம் வங்கியை விழுங்கிய வங்கி அதுதான் என்று சேர்ந்து சில காலம் போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. சுசான் அவர்களிடமிருந்து சம்பளம் வாங்குவது நல்லதுதான் என்று மட்டும் சொன்னாள்.

பெரிய வங்கி தனக்கு இருநூறு வயது ஆனதைக் கொண்டாட முடிவு செய்தது. தலைமை அலுவலகக் கூடத்தில் ஒரு கண்காட்சி. தன்னோடு சேர்ந்த சின்ன வங்கிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பலகை. தயாளினியின் மேலதிகாரி கிரிகோரி, நல்ல உடுப்பும் நல்ல பழக்கமும் உள்ள மனிதன், பூங்கொத்தோடு ரூ காய்க்கு வந்தான். மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் கோட்டைக் கழற்றினான், உட்கார்ந்ததும் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். எலி மொல்சைமின் படத்தைப் போட அனுமதி வேண்டும், விழாவில் மதாம் வந்து நாலு வார்த்தை பேசினால் பெருமை என்றான். பலகையில் எழுதப்போவதை நீட்டினான். நாகேஸ்வரி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். சுசான் வாசித்தாள். 1941இல் மொல்சைம் குடும்பம் வங்கித் தொழிலிலிருந்து விலகியது, அவர்களுடைய நிறுவனம் எங்களோடு இணைந்தது என்று எழுதியிருந்தது.

சுசான் அதைத் தமிழில் நாகேஸ்வரிக்குச் சொன்னாள்.

"விலகினவையாமோ?" என்றாள் நாகேஸ்வரி. "எங்கை, நுவரெலியாவுக்கு லீவிலையோ?"

அந்த வினைச்சொல்லை மாற்று என்றாள் சுசான். கிரிகோரி மன்னிப்புக் கேட்டான், குறித்துக்கொண்டான், போனான். அடுத்த வாரம் புது வாசகம் வந்தது. காலத்தின் வேதனையான சூழலில் மொல்சைம் வங்கி கைமாறியது என்றிருந்தது. சுசான் தொலைபேசியில் கத்தியது தெருவுக்கே கேட்டது. "சூழல் என் வீட்டுக்கு வரவில்லை. பிலிப் வந்தான். சூழல் என் சூப்புக் கிண்ணத்தில் குடிக்கவில்லை. பிலிப்பின் மனைவி குடித்தாள்." அடுத்து வந்ததில் வரலாற்றின் சுழல் இருந்தது. அதற்கடுத்து வந்ததில் மறுபடியும் விலகியதே இருந்தது. சட்டப் பிரிவு அதைத்தான் விரும்புகிறது என்றான் கிரிகோரி. இந்த வாசகங்களை எல்லாம் தட்டச்சு செய்தது தயாளினி.

விழாவுக்கு முதல்நாள் கடைக்குள் தாயும் மகளும் சண்டை போட்டார்கள். நீங்கள் வரவேண்டாம், இது என் வேலையிடம், அவமானப்படுத்திவிடாதீர்கள் என்று தயாளினி பிரெஞ்சில் சொன்னாள். அவள் தாய்க்கு எப்போதும் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள்.

"உன்ரை வேலை எனக்கும் முக்கியம்" என்றாள் நாகேஸ்வரி. "ஆனா கேள். பலாலியிலை எங்கடை வீட்டை ஆமி பிடிச்சுப்போட்டு, கைவிடப்பட்ட காணி எண்டு போர்ட் வைச்சிருக்கிறான். ஷெல்லடிக்குள்ளை ஓடி வந்தனாங்கள். கைவிட்டனாங்களாம். அந்தச் சொல்லைக் கேட்டா எனக்கு வயிறு பத்தும். அந்த மனிசிக்கும் அப்பிடித்தான். அவ தனியப் போகேலாது. நான் போவன்."

தயாளினி மேலே போய்விட்டாள்.

கூடத்தில் கண்ணாடிக் கூரை, வெள்ளை மேசைவிரிப்பு, ஷாம்பெய்ன். சுசான் கறுப்பு உடுப்பில், நாகேஸ்வரி காஞ்சிபுரம் சேலையில். பேசக் கூப்பிட்டதும் சுசான் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னாள்: நாங்கள் விலகவில்லை. எங்களிடமிருந்து பறித்தீர்கள். பறித்ததற்குக் கூலியையும் எங்களிடமே வாங்கினீர்கள். என் அப்பாவும் அம்மாவும் கொல்லப்பட்டபோது உங்கள் கல்லாப் பெட்டி திறந்துதான் இருந்தது. அவ்வளவுதான் பேசினாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சில பேர் கண்ணைத் துடைத்தார்கள். எவ்வளவு நெகிழ்ச்சியான சாட்சியம் என்றான் கிரிகோரி. இது நம் எல்லோருக்கும் பொதுவான நினைவு என்றார் தலைவர். தட்டுகள் மறுபடி சுற்ற ஆரம்பித்தன.

திட்டியிருந்தால் சுசான் தாங்கியிருப்பாள். கைதட்டல்தான் அவளை வெட்டியது. அவள் தன் குடும்பத்தின் பலகையிடம் போய் விலகியது என்ற சொல்லின்மேல் வெறும் உள்ளங்கையை வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இருந்ததையெல்லாம் எண்பது வருடமாகச் சுவருக்குக் கொடுத்திருந்தாள். கை ஐஸ்போலக் கிடந்தது. "ஏலாது, நாகேஸ்" என்றாள். "எனக்கு ஏலாமல் போச்சு."

அப்போதுதான் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தயாளினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கையால் சுசானைத் தாங்கிப் பிடித்தாள். மற்றக் கையைச் சுசான் எடுத்த இடத்தில் வைத்தாள். முதலில் பிளாஸ்டிக் கருகும் வாசம் வந்தது. பிறகு விலகியது என்ற சொல் கொப்பளித்து, வழிந்து, தரையில் சொட்டியது. பிறகு இணைந்தது. பிறகு வங்கியின் பெயர். கையுறை போட்டு வளர்க்கப்படாத கை அது.

"தயாளினி, கையை எடு" என்றான் கிரிகோரி.

"எடுக்கமாட்டன்" என்றாள் தயாளினி. அவனுக்கு அது விளங்கவில்லை. தாய்க்கு விளங்கியது. நாகேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்றார்கள் ரூ காயில். வங்கி அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. அவள் வேலையை விட்டாள். இப்போது வீடு பறிபோகிறவர்களுக்காக வாதாடும் ஒரு சங்கத்தில் இருக்கிறாள். வங்கி, அவள் கைச்சூடு ஏறியிருந்த கூடத்துச் சுவரில் புதுப் பலகை மாட்டியது. சூழல் என்று எழுதிய பலகை வாரத்துக்குள் சுருண்டு விழுந்தது. கண்ணாடியில் பொறித்த சுழல் வெடித்தது. அலுமினியம் வளைந்தது. வாசகமே இல்லாமல் படத்தை மட்டும் மாட்டிப் பார்த்தார்கள், அதன் மரச்சட்டம் கருகியது. கடைசியில் காப்புறுதிக் கம்பெனி தீ அபாயம் என்று எழுதிக் கேட்டது. மனச்சாட்சி கேட்காததைக் காப்புறுதி கேட்டது, வங்கி பணிந்தது. இப்போது அங்கே இருக்கிற பலகையில், 1941இல் மொல்சைம் வங்கி அதன் உரிமையாளர்களிடமிருந்து பறிக்கப்பட்டது, நாங்கள் அதை வாங்கினோம், அர்மான் மொல்சைமும் அவர் மனைவியும் கொல்லப்பட்டார்கள் என்றிருக்கிறது. அந்தப் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாகேஸ்வரி சுசானைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். சுசான் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தாள்.

"இப்ப ஆறுதலோ?" என்று கேட்டாள் நாகேஸ்வரி.

"இல்லை" என்றாள் சுசான்.

"ஓம். எப்பிடி வரும்?" என்றாள் நாகேஸ்வரி. இரண்டு பேரும் மெட்ரோ பிடித்து வீட்டுக்கு வந்தார்கள்.

பலகை தங்கியதே தவிர, கூடத்துச் சுவர் ஆறவில்லை. சென்ற நவம்பரில் புதிதாக வந்த ஓர் இயக்குநர் மழையில் நனைந்து உள்ளே வந்து, இந்தச் சுவர் ஏன் இப்படிச் சுடுகிறது என்று காவலாளியிடம் கேட்டார். அது மொல்சைம் சுவர், மெஸ்யே என்றான் காவலாளி. அப்படியா என்றார் இயக்குநர். பக்கத்தில் வரிசையாக ஆணி அடித்து மற்றவர்களின் கோட்டுகள் தொங்குவதைப் பார்த்துத் தன்னுடையதையும் அங்கே மாட்டிவிட்டு மாடிக்குப் போனார். சாயங்காலம் வருவதற்குள் காய்ந்துவிடும்.